லண்டன் சட்டம்... சோமனூர் தறிச் சத்தம்!

"ஜாலியா ஒரு மேட்டர் பண்ணுப்பா. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரங்க போட்ட கிறுக்குச் சட்டங்கள்! படிக்கிறவன் விழுந்து விழுந்து சிரிக்கணும்" என்றார் ஆபீஸில் சீனியர். இன்டர்ன் என்றாலே தலையாட்டுவதுதானே முதல் தகுதி... ஆட்டிவிட்டேன்.

ராத்திரி உட்கார்ந்து நெட்டைத் துழாவினால், பாதி டூப்பு பாஸ்! 'இங்கிலாந்து பார்லிமென்டுக்குள் செத்துப்போவது சட்டப்படி குற்றம்' என்று ஒரு கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது. அப்படி ஒரு சட்டமே கிடையாது என்று அந்த நாட்டுச் சட்ட ஆணையமே 2013-ல் விளக்கம் கொடுத்திருக்கிறது. சரி, நிஜமாக இருந்த சட்டங்கள் எவை என்று தேடித் தேடி நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் நிரம்பிய பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. நான் எழுதி வைத்ததில் பெரும்பாலானவை துணி பற்றிய சட்டங்கள். நூல், தறி, நெசவுக்காரர், தூக்குக் கயிறு... திரும்பத் திரும்ப இதுவே!

துணியைப் பற்றிப் பேச எனக்குத் தெரிந்த ஆள் ஒருத்தர்தான். சோமனூரில் தறி ஓட்டும் என் மாமா. நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். தறியில் கேம் எப்படிச் சுற்றுகிறது, கிராங்க் எப்படி வேலை செய்கிறது என்று பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அவர் குடோனில் எண்ணெய்க் கையோடு பார்த்தவன். நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் கிளம்பிவிட்டேன்.

காந்திபுரம் டு கருமத்தம்பட்டி

பயணம் ஆரம்பிக்கிற இடத்திலேயே நம்ம சப்ஜெக்ட் காத்திருக்கிறது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு எட்டு நடந்தால் கோவை மத்திய சிறை. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பக்கமாகப் போகிறோம், வருகிறோம். 1908-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளையைக் கொண்டுவந்து அடைத்தது இங்கேதான். ராஜத்துரோகமாகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு இன்னொரு ஆயுள் தண்டனை என மொத்தம் நாற்பது வருஷம்! அப்பீலில்தான் அது ஆறு வருஷமாகக் குறைந்தது. வக்கீலுக்குப் படித்து, கப்பல் கம்பெனி நடத்திய மனிதரை இந்தச் சிறைக்குள் மாட்டுக்குப் பதிலாக செக்கிழுக்க வைத்தார்கள்.

பஸ் அவிநாசி ரோட்டைப் பிடித்து ஹோப் காலேஜ், விமான நிலையம் எல்லாம் தாண்டினால் சின்னியம்பாளையம். இங்கே இறங்கிப் பார்க்காமல் போகிற காலேஜ் பசங்கதான் அதிகம், என்னையும் சேர்த்து! இந்த ஊர் மில் தொழிலாளர்கள் நாலு பேர்... ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். மில் அடியாள் ஒருவர் கொலையான வழக்கில், 1946 ஜனவரி 8-ம் தேதி, நான் சற்று முன் பார்த்த அதே கோவைச் சிறையில் நாலு பேரையும் தூக்கிலிட்டார்கள். சுதந்திரத்துக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் பாக்கி. பெண் தொழிலாளி ஒருவருக்கு நடந்த கொடுமையில் ஆரம்பித்த தகராறு அது என்று இன்றைக்கும் இந்தப் பக்கம் பேசுகிறார்கள். வருஷா வருஷம் ஜனவரி 8-ல் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

மடியில் இருந்த நோட்டைப் புரட்டினேன். 1812, இங்கிலாந்து. பின்னல் எந்திரத்தை உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் கொண்டுவந்தார்கள். எந்திரம் வந்ததால் கூலி போச்சு, வேலை போச்சு என்று ராத்திரியில் சுத்தியலோடு கிளம்பிய தொழிலாளர்களை அடக்கத்தான் இந்த ஏற்பாடு. மேல்சபையில் எழுந்து அதை எதிர்த்துப் பேசியவர் கவிஞர் பைரன். அந்தச் சபையில் அவருடைய கன்னிப்பேச்சே அதுதான். பேச்சு பிரமாதமாக இருந்ததாம். சட்டமும் ஜம்மென்று நிறைவேறிவிட்டது!

நீலாம்பூர், கணியூர் டோல்கேட், கருமத்தம்பட்டி... சோமனூரில் இறங்கும்போது, சிரிக்க வைக்க வேண்டிய மேட்டரில் இன்னும் ஒரு சிரிப்பும் வரவில்லையே என்று லேசாக உதறல்.

சத்தம்தான் ஊர்!

சோமனூரைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். 'டடக் டடக் டடக்' என்று தெருவுக்குத் தெரு தறிச்சத்தம். வெளியூர்க்காரனுக்கு முதல் ராத்திரி தூக்கம் வராது. உள்ளூர்க்காரனுக்குச் சத்தம் நின்றால்தான் முழிப்பு வரும். தறிக்குடோனுக்குள் வாய்ப்பேச்சுக்கு வேலையே இல்லை. கை ஜாடை, கண் ஜாடை, உதட்டசைவு... இதிலேயே ஊர் வம்பு மொத்தமும் பேசி முடித்துவிடுவார்கள்.

நான் போன நேரம் பார்த்து ஊரே கப்சிப்! கரண்ட் கட். மாமா குடோன் திண்ணையில் உட்கார்ந்து தார் டப்பாவை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள! கரண்டு வர அஞ்சு மணியாகுமாம். சொல்லு, காலேஜெல்லாம் எப்பிடிப் போகுது?"

"வா சாமி... மூஞ்சி கழுவிட்டு வா, காபி போடறேன்" என்றபடி அத்தை உள்ளே போனார்.

குடோனுக்குள் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு தறி இருந்த இடத்தில் இப்போது எட்டு. வடக்கு ஓரம் தரை காலியாகக் கிடந்தது. போல்ட் பிடுங்கிய குழிகள் மட்டும் வரிசையாக இருந்தன. எதிரே நின்ற நாலு தறியும் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டுப் போனது போன வருஷம். என் முதல் இரண்டு வருஷ ஃபீஸில் பாதி அந்த நாலு தறியும் ஓடிய காசு. அதைப் பற்றி மாமாவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நோட்டை எடுத்தேன்.

பிணத்துக்கு கம்பளி... பொம்பளைக்கு ஃபைன்!

"மாமா, 1666-ல இங்கிலாந்துல ஒரு சட்டம். செத்தவங்கள கம்பளித் துணியிலதான் பொதைக்கணும். பருத்தி, பட்டு, லினன் எதுவும் கூடாது. மீறினா அஞ்சு பவுண்டு ஃபைன்!"

"பொணத்துக்குக் குளுருமேன்னா?" என்றார் மாமா.

அதுதான் இல்லை. கம்பளி வியாபாரம் படுக்கக்கூடாது என்பதுதான் காரணம். உயிரோடு இருப்பவர்கள் வேறு துணிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அதனால் எதிர்த்துப் பேச முடியாத கஸ்டமரைப் பிடித்தார்கள்! 1678-ல் சட்டத்தை இன்னும் இறுக்கி, கம்பளியில்தான் புதைத்தோம் என்று எட்டு நாளுக்குள் சத்தியப் பிரமாணம் கொடுக்க வைத்தார்கள். பிளேக் நோயில் செத்தவருக்கு மட்டும் விலக்கு. அபராதத்தில் பாதி, போட்டுக் கொடுத்தவருக்கு. அதனால் பணக்கார வீடுகளில், நல்ல துணியில் புதைத்துவிட்டு சொந்தக்காரரே போய்ப் போட்டுக் கொடுத்து, பாதிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் நடந்தது. கூலியாளுக்கு அஞ்சு பவுண்டு என்பது மூன்று மாதத்துக்கும் மேலான வருமானம். அவர் கம்பளியில்தான் போயாக வேண்டும். இந்தச் சட்டம் 1814 வரைக்கும் புத்தகத்தில் இருந்தது.

மாமா சிரித்தார். அப்பாடா, முதல் சிரிப்பு!

"அடுத்தது நம்ம ஊர்த் துணி மேட்டர். நம்ம நாட்டுலருந்து போன அச்சுப் போட்ட பருத்தித் துணிக்கு அங்க பேரு கேலிகோ. கோழிக்கோடுங்கற பேருதான் அப்பிடி மாறிப்போச்சு. லண்டன் பொம்பளைங்க அதைப் பார்த்து மயங்கிட்டாங்க. உள்ளூர் கம்பளி, பட்டு நெசவுக்காரங்களுக்கு வயித்தெரிச்சல். 1719-ல, ரோட்டுல கேலிகோ கவுன் போட்டுட்டுப் போற பொம்பளைங்கள தொரத்தித் தொரத்தித் துணியக் கிழிச்சிருக்காங்க. 1721-ல சட்டமே போட்டாச்சு. 1722 கிறிஸ்துமஸ்லருந்து அச்சுப் போட்ட கேலிகோ உடுத்தினா அஞ்சு பவுண்டு ஃபைன், வித்தா இருபது பவுண்டு."

காபி டம்ளரோடு வந்த அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நெய்யறவனுக்கும் ஃபைன் இல்ல, கொண்டாந்த கப்பல்காரனுக்கும் இல்ல... கட்டற பொம்பளைக்கு ஃபைனா? நல்லாருக்குதே நாயம்!"

மாமா மட்டும் யோசித்தார். "கிழிச்சது தப்புத்தான் அம்மிணி. ஆனா, சோறு போச்சுன்னா நெசவுக்காரன் என்ன பண்ணுவான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம துணிக்குத் தடை போட்ட ஊர் ஆட்களுக்காக சோமனூர்க்காரர் பரிந்து பேசுகிறார்!

அப்புறம் இங்கிலாந்திலேயே பருத்தித் துணி நெய்ய எந்திரம் வந்துவிட்டது. உடனே 1774-ல் சட்டம் பல்டி. 'பருத்தித் துணி கட்டலாம், ஆனால் அது எங்க ஊரில் நெய்ததாக இருக்க வேண்டும்!' அதற்கு அடையாளமாக துணியின் ஓரக்கரையில், பாவில் மூன்று நீல நூல் ஓட வேண்டும் என்றார்கள். இதைச் சொன்னதும் மாமா பட்டென்று எழுந்து, நின்றிருந்த தறியில் பாதி நெய்த காடாத் துணியின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினார்.

"இந்தா, இங்க. பாவு பூட்டும்போதே மூணு இழைய மாத்திக் கோத்துட்டா கடைசி வரைக்கும் ஓடும். நல்லா நெசவு தெரிஞ்சவன்தான் இந்த ஐடியா குடுத்திருக்கணும்."

விசிலடித்தால் ஒரு ஷில்லிங்!

சட்டம் பார்லிமென்டில் மட்டும் பிறக்கவில்லை. மில்லுக்கு மில் தனி ராஜ்ஜியம். மான்செஸ்டர் பக்கம் டில்டஸ்லி என்ற ஊர். 1823 வாக்கில் அங்கே ஒரு நூல் மில்லில் ஒட்டியிருந்த அபராதப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். ஜன்னலைத் திறந்து வைத்தால் ஒரு ஷில்லிங். விசிலடித்தால் ஒரு ஷில்லிங். வேலையில் அழுக்காக இருந்தால் ஒரு ஷில்லிங். சரியென்று கழுவினால்... அதற்கும் ஒரு ஷில்லிங்! உடம்பு சரியில்லாமல் போய், மாற்று ஆளும் அனுப்பவில்லை என்றால், வீணாகும் நீராவிக்காக ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங். பதினாலு மணி நேர வேலை, புழுக்கமோ நம்ம ஊர் சித்திரைக்கு அண்ணன்.

"ஹாஸ்டல்லயே பரவால்ல போலிருக்கு" என்றேன். "லேட்டா வந்தா கேட்டைத்தான் சாத்துவாங்க."

இன்னொரு சட்டம். வெளுப்பதற்காகப் புல்வெளியில் விரித்துப்போட்ட துணியைத் திருடினால் தூக்கு. துணிக்குப் பாதுகாப்புதானே என்று நினைப்பீர்கள். நடந்தது தலைகீழ். ஒரு துண்டுத் துணிக்காக ஒருத்தன் உயிர் போவதா என்று ஜூரிகள் 'குற்றவாளி இல்லை' என்று விட ஆரம்பித்தார்கள். திருடனுக்கு தண்டனையே இல்லாமல் போனது. கடைசியில் துணி வெளுக்கும் பட்டறை முதலாளிகளே 'தூக்கை எடுத்துடுங்க, எங்க துணி பத்திரமா இருக்கும்' என்று மனுப் போட்டார்கள். 1811-ல் சாமுவேல் ரோமிலி என்ற எம்.பி. முயற்சியில் அந்தத் தூக்கு ரத்தானது. தண்டனை கூடக் கூட ஒழுங்கு கூடும் என்று நம்புகிற வார்டன்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும்.

"இதெல்லாம் அவங்க ஊர்ல. நம்மூர்ல என்ன பண்ணுனாங்க?" என்றார் மாமா.

இருக்கிறது. கம்பெனி ஆட்சியில் மெட்ராஸ் மாகாணத்தில் 'மோதுர்பா' என்றொரு வரி. நிலம் இருப்பவருக்கு நிலவரி, நிலம் இல்லாத தொழிலாளிக்கு இது. தறிக்கு வரி, செக்குக்கு வரி, தச்சருக்கு வரி. தறிக்கு வரி போட்டது அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டிலேயே 'தறியிறை' இருக்கிறது. மோதுர்பா 1860-களின் தொடக்கத்தில்தான் ஒழிந்தது.

வரி கட்டாதவர்களை என்ன செய்தார்கள்? அதைச் சொல்வது 1855-ல் வந்த மெட்ராஸ் சித்திரவதை விசாரணை கமிஷன் அறிக்கை. 1,900-க்கும் மேற்பட்ட புகார்கள். 'கிட்டி' என்று ஒன்று. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரலை வைத்து நெரிப்பது. இன்னொன்று, கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, குனிந்தபடியே வெயிலில் நிற்க வைப்பது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் வரி வசூல் இப்படித்தான் நடந்தது, பல இடங்களில் கையை வைத்தவர்களும் நம்ம ஊர் சேவகர்கள்தான் என்று அந்த அறிக்கை எழுதி வைத்தது. இதைப் படித்துவிட்டு கார்ல் மார்க்ஸ் 1857-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கட்டுரையே எழுதினார்.

1859-ல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை முடிக்காமல் போனால், மூன்று மாதம் வரை ஜெயில். முதலாளி சொன்ன வேலை கொடுக்காவிட்டால்? அவருக்கு ஜெயில் இல்லை! 1926 வரைக்கும் இது உயிரோடு இருந்தது.

மாமா சிரிப்பதை எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு சட்டம்!

"எல்லாம் நெசவுக்காரனுக்கு எதிராத்தானா மாப்ள? ஒண்ணுகூட நல்லதா இல்லியா?"

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்று ஒரு பேட்டை. அந்தக் காலத்து சோமனூர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு பட்டுத்தறி. முதலாளி நூல் கொடுப்பார், இவர்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார்கள். கூலியைக் குறைத்ததும் கொந்தளிப்பு. குறைந்த கூலிக்கு நெய்பவர்களின் தறியில் இருக்கும் பட்டை ராத்திரியில் போய் அறுத்தார்கள். 1769 டிசம்பரில் நெசவாளர்கள் இரண்டு பேரைப் பிடித்து, மற்றவர்கள் பார்த்துப் பயப்படட்டும் என்று, அவர்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே, பெத்னல் கிரீனில் ஒரு மதுக்கடை முன்னால் தூக்கிலிட்டார்கள். கலவரம் அடங்கியதா? ம்ஹூம்!

1773-ல் தூக்குக் கயிறு செய்யாததை ஒரு சட்டம் செய்தது. இந்த ரகத்துக்கு இவ்வளவு கூலி என்று நீதிபதிகள் நிர்ணயிப்பார்கள். அதற்கு மாறாகக் கொடுக்கும் முதலாளிக்கு ஐம்பது பவுண்டு அபராதம். நெசவாளர்கள் கூட்டுச் சேர்ந்து அதிகம் கேட்டால் அவர்களுக்கும் தண்டனை உண்டு.

"நில்லு நில்லு... இன்னொருக்கா படி!"

படித்தேன்.

"கூலி கம்மியாக் குடுத்தா மொதலாளிக்கு ஃபைனு. அரசாங்கமே போட்டது. 1773-ல!"

மாமா ஏன் அங்கே நின்றார் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காக... கோவை, திருப்பூர் மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகள் கூலிக்குத்தான் ஓடுகின்றன. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் காடாத் துணியாக நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார். ஆள் சம்பளம், கரண்ட் பில், உதிரி பாகம் எல்லாம் அந்தக் கூலிக்குள்தான். கூலியை ஏற்றுவது என்றால் பேச்சுவார்த்தை, ஸ்ட்ரைக், மறுபடி பேச்சுவார்த்தை. 2022-ல் ஸ்ட்ரைக். 2025 மார்ச்சில் மறுபடி. ஒரு மாதம் தறிச்சத்தமே இல்லாத சோமனூர். கருமத்தம்பட்டியில் உண்ணாவிரதம். ஏப்ரலில் சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகத்துக்கு 10 சதவீதம் என்று முடிவானது.

"பேசி முடிக்கறதெல்லாம் முடிச்சிருவோம் மாப்ள. மேசைல கையெழுத்துப் போடுவாங்க. நாலு மாசம் போனா 'மார்க்கெட் டல்லு, பழைய ரேட்டுக்குன்னா பாவு தர்றேன்'னு சொல்லுவாங்க. பாவு இல்லாம தறி எப்பிடி ஓடும்? சரீன்னு வாங்கிக்குவோம். அதான் சட்டப் பாதுகாப்போட ஒப்பந்தம் குடுங்கன்னு கேட்டது" என்றார் மாமா.

நியாயமாக மீதியையும் சொல்லியாக வேண்டும். அந்த 1773 சட்டம் சொர்க்கம் ஒன்றும் இல்லை. கூலி அதிகம் என்று முதலாளிகள் சட்டம் செல்லாத வேறு ஊர்களுக்கு வேலையைக் கொண்டுபோனார்கள். அதையே காரணம் காட்டி 1824-ல் சட்டத்தை ரத்து செய்தார்கள். ரத்து செய்தபின் பேட்டை செழித்ததா? இல்லை. கூலி இறங்கியது. 1860-ல் பிரான்ஸ் பட்டுக்கு இறக்குமதி வரியை எடுத்ததும் மிச்சமிருந்த தறிகளும் மெல்ல மெல்ல நின்றன.

"வேற ஊருக்குப் போயிருவோம்னு அன்னிக்கே சொல்லீட்டானா! இங்கயும் அதேதான் சொல்றாங்க" என்றார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அம்பது வருசம் ஓடுச்சல்லொ?" என்றார்.

ஐம்பத்தோரு வருஷம்.

சீனியர் கேட்ட சிரிப்பு என் நோட்டில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், கிறுக்குத்தனம் என்று நான் குறித்து வைத்த எதுவும் கிறுக்கர்கள் போட்டது இல்லை. கம்பளிக்காரருக்கு பார்லிமென்டில் ஆள் இருந்தது, பிணத்துக்குச் சட்டம் வந்தது. முன்பணம் கொடுத்தவருக்கு ஆள் இருந்தது, ஓடிப்போனவருக்கு ஜெயில் வந்தது. பிணத்துக்கு என்ன துணி என்பதற்கே சட்டம் போட முடிந்த உலகத்தில், மீட்டருக்கு என்ன கூலி என்பது மட்டும் ஏன் கையெழுத்தோடு நிற்கிறது?

இதை மாமாவிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கரண்ட் வந்துவிட்டது! ஒரு தறி, இரண்டு தறி, அப்புறம் தெரு முழுக்க... டடக் டடக் டடக். மாமா ஓடிப்போய் நாடாவைச் சரிபார்த்து எட்டுத் தறியையும் ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டார். திரும்பி வந்து என் காதருகே குனிந்து கத்தினார்.

"மாப்ள... அந்த அம்பது பவுண்டு சட்டத்த மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுட்டுப் போ. வருசத்தோட!"

நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். காலியாகக் கிடக்கும் அந்த வடக்குச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்.